ரன் (ஆங்கில வினைச்சொல்)

கால்களால் விரைந்து செல்லுதலைக் குறிக்கும் 'ரன்' என்னும் பழஞ்சொல், ஆறு பாய்தல், துணியின் சாயம் கசிதல், இயந்திரம் இயங்குதல், கடை நடத்துதல், கணினியில் நிரலை (கட்டளைத் தொகுப்பை) இயக்குதல் எனக் கிளைத்துப் பரந்து, ஆங்கிலத்தின் மிகப் பொருள்செறிந்த வினையாகியுள்ளது. 1989இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் வினை 430 பொருள்களுடன் முன்னின்றது. பின்னர் 'ரன்' பதிவைத் திருத்தியமைத்த அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர், ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்து, வினைப்பொருள்களை மட்டுமே 645 எனப் பகுத்தார். அகராதிக்கலையில் இது வியத்தகு உழைப்பாகும். தேர்தலில் போட்டியிடுதலை அமெரிக்கர் ஓடுதற்பொருள் கொண்ட இச்சொல்லாலும், பிரித்தானியர் பெரும்பாலும் நிற்றற்பொருள் கொண்ட 'ஸ்டாண்ட்' என்பதாலும் குறிப்பது சிறப்பாக நோக்கத்தக்கது. பெயர்ச்சொல்லாகக் கிரிக்கெட் ஓட்டத்தையும், வைப்பாளர்கள் அச்சத்தால் ஒருசேர வங்கிப் பணத்தைத் திரும்பப் பெற முனைவதையும் இது சுட்டும்.