குறைமாதக் கண்ணும் செவிலியர் பணியும்

கருவின் நான்காம் மாதத்தில் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளரத் தொடங்குகின்றன. பிறப்பை ஒட்டித்தான் அவை முழுமை பெறும். முன்னதாகவே பிறந்துவிடும் குழந்தையிடம் இவ்வளர்ச்சி பாதியில் தடைப்படுகிறது. மிகையான ஆக்சிஜன் அதை மேலும் ஒடுக்குகிறது. சில வாரங்களில் தாறுமாறான புதுக் குழாய்கள் கிளம்பி, முற்றிய நிலையில் விழித்திரையையே பிய்த்துவிடுகின்றன. இதுதான் குறைமாத விழித்திரை நோய்.

1942இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி இதை முதன்முதலில் விவரித்தார். 1951இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்பெல், இன்குபேட்டரில் தாராளமாகத் தரப்பட்ட ஆக்சிஜன்மீது ஐயம் எழுப்பினார். வாஷிங்டனில் மருத்துவர் ஆர்னல் பாட்ஸ் நடத்திய சோதனையில் சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைத்துத் தரப்பட்டது. அவை மூச்சுக்குத் தவிக்குமே என்று அஞ்சிய செவிலியர் சிலர், இரவில் யாருக்கும் தெரியாமல் அளவைக் கூட்டிவைத்தனர். அந்த இரக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை: 1954இல் அமெரிக்கக் கூட்டாய்வு ஐயத்தை உறுதிசெய்த பின் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது, பார்வை தப்பியது, உயிர்கள் போயின.

மூச்சுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு வழி, பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்த பிறகே நன்கு திறந்தது. பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இரத்த ஆக்சிஜன் செறிவை 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது இன்று செவிலியரின் பொறுப்பு. காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் கருவி இல்லாத பிரிவுகளில் அது எளிதன்று. இந்தியாவில் சற்றே எடை கூடிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதற்கு இத்தகைய குறைகளும் காரணம். அதனால்தான் இங்கே 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 30 நாளுக்குள் கண் பரிசோதனை தேவை. மிகச் சிறியவற்றுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே.

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்து விழித்திரை மருத்துவரைத் தேடி மதுரைக்கோ கோவைக்கோ போவது நெடும்பயணம். 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்துக் கண் பணியாளராக்கியது. கண் பராமரிப்பை மருத்துவரோடு நிறுத்தாத இந்த வழக்கம், பின்னர் குறைமாதக் குழந்தைகளுக்கும் உதவியது. 2010களில் அரவிந்தின் கோவைக் கிளை, பயிற்சி பெற்ற பணியாளரை விழித்திரையைப் படமெடுக்கும் ரெட்கேம் கருவியுடன் குழந்தைகள் பிரிவுகளுக்கே அனுப்பி, படங்களைத் தொலைவிலிருந்த மருத்துவர் பார்க்கச் செய்தது. கர்நாடகத்தில் 2008 முதலே இத்தகைய திட்டம் நடந்துவந்தது.

பரிசோதனை நாளில் செவிலியருக்கு வேலை கூடுதல். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை இடைவெளி விட்டு இட வேண்டும்; கன்னத்தில் வழிவதை உடனே துடைக்க வேண்டும், இல்லாவிடில் அது உடலில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். சற்று முன்னரே பாலூட்டலை நிறுத்தி, துணியில் சுற்றி, வலி தணியச் சில துளி சர்க்கரைக் கரைசல் தருவார்கள். முடிந்த பின்னும் மூச்சு நின்றுபோகாமல் கண்காணிப்பு தொடரும்.

நோய் முற்றினால் லேசர் சிகிச்சையைத் தாமதமின்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் தர வேண்டும். கண்ணுக்குள் போடும் ஊசியும் இப்போது உண்டு. அதன் பின் நோய் மாதக்கணக்கில் தாழ்த்தித் திரும்பக்கூடும் என்பதால், வீடு திரும்பும் தாயிடம் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதித் தருவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.