நடுவண் முகமை வழக்குகளில் எதிர்வாதம் (வட சென்னை)

நடுவண் முகமை வழக்குகளில் எதிர்வாதம் என்பது, சுங்கத் துறை, வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம், நடுவண் புலனாய்வுச் செயலகம் (சிபிஐ) முதலிய இந்திய நடுவண் அரசின் அமைப்புகள் தொடுக்கும் குற்ற வழக்குகளில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் தரப்பை நிலைநாட்டும் சட்ட நடைமுறை ஆகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுகத் தொழிற்பகுதிகளில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, கடத்தல், போதைப்பொருள் ஆகியன தொடர்பில் எழுகின்றன. இவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலமே பல வேளைகளில் முதன்மைச் சான்றாக அமைகிறது. எனவே எதிர்வாதம் நீதிமன்றத்தில் அன்றி, முதல் அழைப்பாணை கைக்கு வரும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

பின்னணி

சென்னைத் துறைமுகம், 2001 இல் செயற்படத் தொடங்கி 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், அதன் அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவற்றின் சரக்குப் போக்குவரத்து வட சென்னையின் வழியே நடைபெறுகிறது. கப்பலில் வரும் கன்டெய்னர் ஒன்று இறக்குமதியாளர், சுங்கத் தரகர், லாரி ஓட்டுநர், கிடங்குப் பொறுப்பாளர், சுமை தூக்கும் தொழிலாளர் எனப் பலர் கைகளைக் கடந்து செல்கிறது. அதனுள் தடை செய்யப்பட்ட பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், இவர்களுள் எவருக்கும் விசாரணைக்கான அழைப்பாணை வரக்கூடும். சரக்கின் உரிமையாளர் வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ இருக்கையில், அருகில் இருப்பவரே முதலில் விசாரிக்கப்படுகிறார்.

நீதிமன்ற அமைப்பு

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டங்களை மீறும் குற்றங்கள் தனியான கூட்டரசு நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுகின்றன. இந்தியாவில் அவ்வாறான இரட்டை அமைப்பு இல்லை. நடுவண் முகமைகளின் வழக்குகளும் மாநிலத்தின் உயர் நீதிமன்றத்திற்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களிலேயே நடைபெறுகின்றன. சென்னையில் அவை பின்வருமாறு அமைகின்றன:

- சுங்கச் சட்ட வழக்குகள்: எழும்பூரில் உள்ள பொருளாதாரக் குற்றங்களுக்கான நீதிமன்றங்கள்.
- போதைப்பொருள் வழக்குகள்: உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறப்பு நீதிமன்றங்கள்.
- சிபிஐ வழக்குகள்: அதே வளாகத்தில் அமைந்த சிறப்பு நீதிமன்றங்கள்.
- தேசியப் புலனாய்வு முகமை வழக்குகள்: பூந்தமல்லியில் உள்ள சிறப்பு நீதிமன்றம்.

சிபிஐ ஒரு மாநிலத்தில் புலனாய்வு செய்ய அம்மாநில அரசின் இசைவு தேவை. தமிழ்நாடு அரசு 2023 சூனில் தன் பொது இசைவைத் திரும்பப் பெற்றது. எனினும் நீதிமன்றம் ஆணையிடும் வழக்குகளுக்கு இத்தடை பொருந்தாது.

வாக்குமூலம் பற்றிய சட்டநிலை

காவல் அதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. இவ்விதி 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 23 ஆம் பிரிவில் உள்ளது. சிபிஐ அதிகாரிகள் காவல் அதிகாரிகளே ஆதலால் அவர்களுக்கு இவ்விதி நேரடியாகப் பொருந்தும். மற்ற முகமைகளின் அதிகாரிகள் காவல் அதிகாரிகளா என்ற வினாவே பல வழக்குகளின் போக்கைத் தீர்மானித்துள்ளது. இது தொடர்பான இரண்டு முக்கியத் தீர்ப்புகள் சென்னையில் எழுந்த வழக்குகளில் வழங்கப்பட்டவை.

முதலாவது, இலியாஸ் எதிர் சென்னைச் சுங்க ஆட்சியர் வழக்கு. சுங்க அதிகாரி காவல் அதிகாரி அல்லர் என உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 1968 இல் இதில் தீர்ப்பளித்தது. ஆகவே சுங்கச் சட்டம் 1962 இன் 108 ஆம் பிரிவின் கீழ் பெறப்படும் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படத்தக்கது. அழைப்பாணை பெற்றவர் நேரில் வரவும் உண்மை கூறவும் கடமைப்பட்டவர். பொய் கூறுவது தண்டனைக்குரியது.

இரண்டாவது, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. 2004 ஆம் ஆண்டு போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் சென்னையில் ஹெராயின் கைப்பற்றியதாகத் தொடுத்த வழக்கில், சிறப்பு நீதிமன்றம் விதித்த தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மேல்முறையீட்டில் எழுந்த சட்ட வினாவை உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2013 இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2020 அக்டோபர் 29 அன்று மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. போதைப்பொருள் சட்டத்தின் 53 ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரிகள் காவல் அதிகாரிகளே எனவும், 67 ஆம் பிரிவின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்த இயலாது எனவும் நீதிபதிகள் ரோகிண்டன் நாரிமன், நவின் சின்கா ஆகியோர் கூறினர். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இதன் விளைவாக, ஒரே கன்டெய்னரில் தங்கமும் ஹெராயினும் இருந்து, ஒருவர் இரண்டையும் ஒப்புக்கொண்டிருந்தாலும், தங்கம் பற்றிய ஒப்புதல் சுங்க வழக்கில் சான்றாகலாம். ஹெராயின் பற்றிய ஒப்புதல் போதைப்பொருள் வழக்கில் சான்றாகாது.

அச்சுறுத்தலாலோ ஆசை காட்டியோ பெறப்பட்ட வாக்குமூலம் எச்சட்டத்திலும் செல்லாது. பின்னர் மறுக்கப்பட்ட சுங்க வாக்குமூலமும் தன்விருப்பில் அளிக்கப்பட்டது என உறுதியானால் ஏற்கப்படலாம் என்றும், ஆனால் அதற்கு வலுச்சேர்க்கும் பிற சான்றை நீதிமன்றம் தேடுவது முன்னெச்சரிக்கையான வழக்கம் என்றும் உச்ச நீதிமன்றம் 1997 இல் கூறியது. எனவே வற்புறுத்தல் நடந்திருப்பின் முதல் காவல் நீட்டிப்பின் போதே நீதித்துறை நடுவரிடம் கூறிப் பதிவு செய்வது இன்றியமையாதது. பல மாதங்கள் கழித்து எழுப்பப்படும் மறுப்பு வலுவிழந்ததாகக் கருதப்படுகிறது.

கைதும் பிணையும்

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு வகுக்கிறது. சுங்க அதிகாரிகள் காவல் அதிகாரிகள் அல்லர் எனினும், கைது தொடர்பான பாதுகாப்புகள் அவர்களையும் கட்டுப்படுத்தும் என 2025 பெப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதானவர் விசாரணையின் போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் வழக்கறிஞர் உடனிருக்க உரிமை இல்லை. கைதுக்கான காரணங்கள் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும் என அதே ஆண்டு நவம்பரில் அந்நீதிமன்றம் மற்றொரு வழக்கில் வலியுறுத்தியது.

சுங்கச் சட்டத்தில், ஏய்க்கப்பட்ட வரி 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது முதலிய சில வகைக் குற்றங்களே பிணையில் விட முடியாதவை. ஏனையவற்றில் பிணை உரிமையாகும். போதைப்பொருள் சட்டம் இதனினும் கடுமையானது. ஹெராயின் 250 கிராமுக்கும் கஞ்சா 20 கிலோவுக்கும் மேற்பட்டால் அது வணிக அளவு எனப்படும். அந்நிலையில், குற்றவாளி அல்லர் என நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், பிணையில் உள்ளபோது குற்றம் புரியமாட்டார் எனவும் நீதிமன்றம் நிறைவு கொண்டால் மட்டுமே 37 ஆம் பிரிவின்படி பிணை கிடைக்கும். குறித்த காலத்திற்குள் குற்றப்பத்திரிகையோ முறையீடோ தாக்கல் செய்யப்படாவிட்டால், கேட்டுப் பெறும் பிணை உரிமையாகிறது. இக்காலம் குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்கள். வணிக அளவுப் போதைப்பொருள் வழக்கில் 180 நாட்கள், இதனை நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். காவலில் வைக்கப்படும் ஆண்கள் பெரும்பாலும் புழல் மத்திய சிறையில் அடைக்கப்படுகின்றனர்.

விசாரணைப் படிநிலைகள்

சுங்க வழக்கு, முதன்மை ஆணையர் அல்லது ஆணையரின் முன் ஒப்புதலுடன், துறை அதிகாரி தாக்கல் செய்யும் முறையீட்டால் தொடங்குகிறது. இதன் படிநிலைகள்:

1. முறையீட்டை ஏற்பதற்கு முன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தம் கருத்தைக் கூற வாய்ப்பு அளிக்கப்படும். இது 2024 இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் 223 ஆம் பிரிவு சேர்த்த புதிய பாதுகாப்பு.
2. குற்றச்சாட்டு வனையப்படும் முன்பே அரசுத் தரப்புச் சாட்சிகள் விசாரிக்கப்படுவர். சான்று போதாதெனில் அந்நிலையிலேயே விடுவிப்புக் கோரலாம்.
3. குற்றச்சாட்டு வனையப்பட்டபின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.
4. எதிரான சான்றுகள் குறித்து நீதிபதி கேட்கும் வினாக்களுக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவர் விளக்கம் தருவார். இது உறுதிமொழி இன்றி அளிக்கப்படுவது.
5. எதிர்த்தரப்புச் சாட்சிகள், வாதங்கள், தீர்ப்பு.

பண்டப் பறிமுதல், அபராதம் ஆகியன சுங்கத் துறைக்குள் தனியே நடைபெறும். தொகை செலுத்தி வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்ளவும் 137 ஆம் பிரிவு வழி செய்கிறது.

எதிர்வாதத்தின் முக்கிய வழிகள்

இவ்விரு சட்டங்களிலும் குற்ற மனநிலை உண்டு என்றே நீதிமன்றம் ஊகிக்கும். அது இல்லை என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு. ஆயினும் பொருள் அவர் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். எதிர்வாதம் பொதுவாகப் பின்வருவனவற்றைச் சார்ந்திருக்கும்:

- அறிந்த உடைமை: பூட்டி முத்திரையிட்ட கன்டெய்னரை ஏற்றிச் சென்ற ஓட்டுநருக்கு உள்ளே இருப்பது தெரிய வாய்ப்பில்லை என்பது இதற்கு எடுத்துக்காட்டு. முத்திரை எண், வாயில் அனுமதிச் சீட்டு, எடைச் சீட்டு ஆகியன இங்கு பெரும் மதிப்புடையவை.
- சோதனை முறை: உடற்சோதனைக்கு முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதனை கோரும் உரிமையைத் தெரிவிக்க வேண்டும். 50 ஆம் பிரிவின் இவ்விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010 இல் கூறியது. பை, வாகனம், கன்டெய்னர் ஆகியவற்றின் சோதனைக்கு இது பொருந்தாது.
- மாதிரி எடுத்தல்: கைப்பற்றிய போதைப்பொருளின் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். இதில் குறை இருப்பது மட்டுமே விடுதலைக்குப் போதாது என 2025 இல் தீர்ப்பளிக்கப்பட்டுள்ளது.
- மின்னணுச் சான்று: கைப்பேசிச் செய்திகள், கண்காணிப்புப் படக்கருவிப் பதிவுகள் ஆகியவற்றின் படிகளுக்கு உரிய சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா என ஆராயப்படும்.

சட்ட உதவி

வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 இன் 12 ஆம் பிரிவின்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர் இதற்குத் தகுதியுடையோர். தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்றத்தை அடுத்து உள்ளது.

மேல்முறையீடு

நடுவரின் தண்டனைத் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்திலும், போதைப்பொருள், சிபிஐ சிறப்பு நீதிமன்றங்களின் தீர்ப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 136 ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியை நாடலாம். தூஃபான் சிங் வழக்கில் கைதுக்கும் சட்ட வினாவுக்கான விடைக்கும் இடையே 16 ஆண்டுகள் கடந்தன.

இவற்றையும் பார்க்கவும்

- சென்னை உயர் நீதிமன்றம்
- சென்னைத் துறைமுகம்
- காமராசர் துறைமுகம்
- புழல் மத்திய சிறை