கொல்லைக் குட்டையும் குளிர்சுரமும்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எம் முன்னோர் வாழ்ந்த வீட்டின் கொல்லையில் ஒரு பள்ளம் உண்டு. நாங்கள் சிறுவராய் இருந்தபோது அதில் வாழை நின்றது. மழைக்காலத்தில் அவ்விடத்து வாழைக்கு மட்டும் அடி அழுகும். அங்கே முன்பு ஒரு குட்டை இருந்ததையும், தம் தலைமகனைக் குளிர்சுரத்துக்குப் பறிகொடுத்த ஆண்டில் பாட்டனார் அதை மண்ணிட்டு மூடியதையும் அத்தை சொல்லித்தான் அறிந்தோம். சென்ற கோடையில் அந்தப் பள்ளத்தை மீண்டும் தோண்டினோம். மீன் விற்கவோ நீர் இறைக்கவோ அன்று. தவளைக்கும் தும்பிக்கும் கானாங்கோழிக்கும் ஓர் ஒதுங்கிடம் வேண்டும் என்பதே எண்ணம். அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு பிள்ளைய முழுங்கினது பத்தாதா தம்பி?" அக்கேள்விக்கு விடை தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

நம் இலக்கியம் தோட்டத்து நீர்நிலையை நன்கறியும். புறநானூற்றில் பாடப்பெறும் பாண்டியருள் ஒருவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். இலவந்திகை என்பது, நீரை வேண்டும்போது நிரப்பவும் வேண்டாதபோது போக்கவும் பொறியமைத்த வாவியை உடைய அரசர் பொழில். அரசனின் பெயரிலேயே ஒரு தோட்டக்குளம் நிலைத்துவிட்டது. ஆனால் எளியோர் வீட்டுக் கொல்லைக் குட்டையைப் பாடியவர் அரிது. அது இன்பத்துக்காக வெட்டப்பட்டதன்று. வீட்டுத் தரையை வெள்ளத்துக்கு மேலே உயர்த்த மண் எடுத்தார்கள். எடுத்த பள்ளத்தில் நீர் நின்றது. எம் வீட்டுத் திண்ணையும் அந்தக் குட்டையும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர் எனலாம்.

இக்குட்டைகள்மீது ஐயம் விழுந்த நாளைத் துல்லியமாகவே சுட்டலாம். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ரொனால்டு ராஸ். அதற்குப் பின் தேங்கிய நீர் என்பது வெறும் நீரன்று, குற்றவாளி. 1902இல் நோபல் பரிசு பெற்ற அவரே, எண்ணெய் தெளித்தும் பள்ளங்களைத் தூர்த்தும் கொசுவை ஒழிக்கும் படைகளை ஊர்தோறும் அமைக்கவேண்டும் என்று தனி நூலே எழுதினார். 1911இல் பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி, நகரத்தின் வீட்டுக் கிணறுகளைக் காரணமாகக் காட்டினார். கிணறுகளை மூடும் முயற்சி தொடங்கியபோது, அவற்றைப் புனிதமாகக் கருதிய பார்சிகளும் இந்துக்களும் எதிர்த்தனர். 1725இல் வெட்டப்பட்ட பிக்கா பெஹ்ராம் கிணறு இன்றும் அந்நகரின் நடுவே இருக்கிறது. எம் கொல்லைக் குட்டைக்குப் பரிந்து பேசவோ ஒருவரும் இல்லை.

இனி எம் வட்டாரத்துக்கு வருவோம். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. கல்லணைக் கால்வாய் வழியே, வானம் பார்த்த பட்டுக்கோட்டை நிலங்களுக்குக் காவிரி வந்தது. நெல் வந்தது, உடன் குளிர்சுரமும் வந்தது. 1930களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸல், இராமச்சந்திர ராவ் முதலியோருடன் இப்பகுதியில் ஆய்வு நடத்தினார். அவர்கள் கண்ட குற்றவாளி அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு. அது முட்டையிட நாடியவை புதிய வாய்க்கால்கள், கரைக்கு மண்ணெடுத்த பள்ளங்கள், இளம் பயிர் நின்ற வயல்கள். நெற்பயிர் ஏறத்தாழ ஓரடி உயர்ந்ததும் அதே வயலை அது கைவிட்டது. காரணம் வியப்பானது. இக்கொசு நீருக்கு மேலே பறந்தபடியே முட்டையிடும். நெருங்கி நிற்கும் தாள்கள் அதன் பறப்பைத் தடுக்கும். பயிருக்குப் பதில் வெறும் குச்சிகளை நட்டாலும் இதுவே நிகழும் என்பதைச் சோதனை செய்தே காட்டினார்கள்.

இதைப் படித்த இரவில் எமக்கு உறக்கம் வரவில்லை. கோரையும் ஆம்பலும் மண்டிய குட்டையைவிட, மண்ணெடுத்துப் போட்ட வெறும் பள்ளமும் புதுவாய்க்காலும் கொடியவையாக இருந்திருக்கின்றன. பாட்டனார் மூடியது ஒருகால் குற்றமற்ற குட்டையாகவே இருக்கலாம். எனினும் அவரைப் பேதை என்று சொல்ல எமக்கு நா எழாது. பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பியவர் கையில் மண்வெட்டி இருந்தது. எதிரே நீர் இருந்தது. கால்வாயை அவரால் மூட முடியுமா?

குட்டைகளைத் தூர்க்காமல் கொசுவை அழிக்கவும் ஒரு வழி தேடினார்கள். அமெரிக்காவுக்குரிய கம்பூசியா மீனை 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். அது கொசுப்புழுவைத் தின்றது உண்மை. தவளையின் முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும், நம் சிறுமீன்களின் குஞ்சுகளையும் அது விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை. உலகின் மிகக் கொடிய நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அதற்கும் இடமுண்டு. அதுவே வேலை செய்யும் நாட்டு மீன்கள் வாய்க்காலிலேயே திரிந்துகொண்டிருந்தன. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் அவற்றைச் சிறுவர் எவரும் காட்டுவர்.

இவ்வரலாற்றை முன்வைத்தே எம் குட்டையை அமைத்தோம். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், நடுவில் மூன்றரை அடி ஆழம். சிமெண்டு பூசவில்லை, களிமண்ணை மிதித்து இறுக்கினோம். ஒரு பக்கத்தைக் கடற்கரைபோல் மெல்லச் சரியவிட்டோம். அச்சரிவு இல்லையெனில் நீரில் விழுந்த ஓணான் கரையேற இயலாது, தேரைக்குஞ்சும் வெளியேற இயலாது. ஔவையார் மூதுரையில் உண்மை உறவுக்கு உவமையாக்கிய கொட்டியையும் ஆம்பலையும் நட்டோம். ஓரங்களில் கோரையும் நீர்ப்பிரமியும். ஆகாயத்தாமரையை அண்டவிடவில்லை. வாய்க்காலில் பிடித்த வெள்ளிப்பொட்டு மீன்கள் முப்பதை விட்டோம்.

அண்டை வீட்டார் டெங்குவை நினைந்து அஞ்சினர். அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆனால் டெங்குவைப் பரப்பும் கொசு நாடுவது தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் நிற்கும் நீரை. எனவே குட்டையை வெட்டியதோடு, எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளையும் உடைந்த குடங்களையும் அகற்றினோம். ஞாயிறுதோறும் வெள்ளைக் கிண்ணத்தில் குட்டைநீரை முகந்து பார்க்கிறோம். முதல் மூன்று வாரம் புழுக்கள் நெளிந்தன, மனம் பதறியது. பின்னர் மீன் பெருகிற்று, தும்பியின் இளவுயிர்கள் தோன்றின, கிண்ணம் தெளிந்தது. ஐப்பசி மழையின் முதல் இரவில் எங்கிருந்தோ வந்த தவளைகள் விடியும்வரை கத்தின.

அத்தை இன்னும் குட்டைக்கரைக்கு வருவதில்லை. ஆனால் ஞாயிறு காலையில் அந்தக் கிண்ணத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார். கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்க்கிறார். பிறகு, "சரி, கொண்டுபோய் ஊத்து" என்கிறார்.