துவக்கும் கமராவும்: வனவிலங்குப் படப்பிடிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பறவைகளையும் விலங்குகளையும் அவை வாழும் சூழலிலேயே படம்பிடிக்கும் முயற்சி, இன்று உயிர்களிடத்துக் காட்டும் பரிவின் வெளிப்பாடாகவே பெரிதும் கருதப்படுகின்றது. வேட்டைக்காரன் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கமராவைக் கையிலெடுத்தான் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கூற்றாகும். இக்கூற்று முற்றிலும் தவறானதன்று. ஆயினும் பாதி உண்மையே. வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, வனவிலங்குப் படப்பிடிப்பு வேட்டையை எதிர்த்துப் பிறந்ததன்று, வேட்டையின் வயிற்றிலேயே பிறந்தது என்பது புலனாகும். ஆங்கிலத்தில் துவக்கால் சுடுவதற்கும் கமராவால் படமெடுப்பதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகின்றது. தமிழிலும் யானை பிடிப்பதைப் போலவே படமும் 'பிடிக்க'ப்படுகின்றது. மொழிவழக்கு மறைந்துபோன உறவொன்றை நினைவூட்டி நிற்கின்றது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படக் கலைஞன் ஈரமான கண்ணாடித் தகட்டையே பயன்படுத்தினான். தகடு காயுமுன் படமெடுத்து, உடனடியாக அதனைக் கழுவவும் வேண்டியிருந்தது. ஓடும் மானோ பறக்கும் நாரையோ இம்முறைக்கு அகப்படுவது அரிது. 1871 இல் இங்கிலாந்தின் றிச்சாட் மடொக்ஸ் வெளியிட்ட ஜெலற்றின் உலர்தகட்டு முறை இந்நிலையை மாற்றியது. தொடர்ந்து 1882 இல் பிரான்சிய உடலியலறிஞர் மரே, குழலும் விசையும் கொண்ட துவக்கு வடிவிலேயே ஒரு கமராவை ஆக்கினார். அது ஒரு செக்கனில் பன்னிரண்டு படங்களை எடுத்தது. சிறகின் இயக்கத்தை அறிவதே அவரது நோக்கம், பறவையைக் காப்பதன்று. எனினும் பறவையைக் குறிவைக்கும் கருவி எவ்வடிவினதாக இருக்கவேண்டுமென்ற வினாவுக்கு வேட்டையே விடையளித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் பறவை முட்டைகளைச் சேகரிப்பது கௌரவமான பொழுதுபோக்காக விளங்கிற்று. யோர்க்ஷயர்க் கிராமமொன்றின் விவசாயக் குடும்பத்திற் பிறந்த றிச்சாட் கியேட்டன், செறி கியேட்டன் என்னும் சகோதரர் 1892 இல் ஒரு கூட்டினையும் அதிலுள்ள முட்டைகளையும் இருந்த இடத்திலேயே படம்பிடித்தனர். 1895 இல் வெளிவந்த அவர்களது 'பிரித்தானியப் பறவைகளின் கூடுகள்' என்னும் நூல், முழுவதும் இயற்கைச் சூழலில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டமைந்த முன்னோடி நூலாகும். பறவைகளை அணுகுவதற்காக அவர்கள் உள்ளீடற்ற எருதுருவம் ஒன்றைச் செய்து, அதனுட் கமராவோடு மறைந்திருந்தனர். கால்நடையின் மறைவில் நின்று பறவையை நெருங்குதல் வேடர் நெடுங்காலமாகக் கையாண்ட உபாயமே. முட்டையை எடுக்காமலே கூட்டினை அறியலாம் என்பதை அந்நூல் காட்டியது. ஆனால் அது முட்டை சேகரிப்பை நிறுத்திவிடவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதைப் பொதுவாகத் தடைசெய்வதற்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஜோர்ஜ் ஷைராஸ் இவ்வரலாற்றில் முக்கியமானவர். வழக்கறிஞரான இவர் இளமை முதலே மிச்சிக்கன் மாநிலத்துக் காடுகளில் மான் வேட்டையாடியவர். தோணியின் முனையில் தீயேந்திச் சென்று, ஒளியால் திகைத்து நிற்கும் மானைத் தாக்குவது அப்பகுதியின் ஆதிக்குடிகளான ஒஜிப்வா மக்களின் இராவேட்டை முறையாகும். ஷைராஸ் அம்முறையை அவ்வாறே எடுத்துக்கொண்டு, துவக்கு இருந்த இடத்திற் கமராவையும் மக்னீசிய ஒளியையும் வைத்தார். விலங்கு தானே கம்பியை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் பொறியையும் அமைத்தார். 1906 ஜூலையில் 'நாஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகை அவரது எழுபத்து நான்கு படங்களை வெளியிட்டது. அறிவியற் சஞ்சிகை படப்புத்தகமாகிவிட்டதெனச் சினந்து அதன் ஆட்சிக்குழுவினர் இருவர் பதவி விலகினர் என்பர்.

ஷைராஸின் பணி படங்களோடு நின்றுவிடவில்லை. காங்கிரஸ் உறுப்பினராக இருந்த அவர், வலசை போகும் பறவைகளை மத்திய அரசின் பாதுகாப்பின்கீழ்க் கொணரும் சட்டமூலத்தை 1904 இல் முன்வைத்தார். அது அப்போது நிறைவேறவில்லை. எனினும் அக்கருத்தே 1913 ஆம் ஆண்டுச் சட்டமாகவும், பின்னர் 1918 ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டமாகவும் உருப்பெற்றது. படம் மக்களின் கண்ணைத் திறந்தது; வேட்டைக்காரனின் கையைக் கட்டியதோ சட்டமாகும்.

இந்தியாவில் இதனையொத்த பணியைச் செய்தவர் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியான எப். டபிள்யூ. சம்பியன். இவர் புலி நடமாடும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டினார். புலியின் கால் அதிற் பட்டதும் ஒளி வெடித்துப் படம் பதிவாகியது. 1927 இல் வெளிவந்த அவரது நூல், கொல்லப்பட்ட புலியின்மேற் காலூன்றி நிற்கும் துரைமாரின் படங்களையே கண்டு பழகியிருந்தோருக்கு, உயிருள்ள புலியின் இராநடையைக் காட்டிற்று. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திருப்பதில்லை என்பதையும் சம்பியன் தமது படங்களினூடே கண்டார். 1990 களில் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரகொளைக் காட்டிற் புலிகளைக் கணக்கிட்டபோது, அவ்வரிகளைக் கொண்டே தனித்தனிப் புலிகளை அடையாளங்கண்டார். வேடனின் கண்ணி ஆய்வாளனின் அளவுகோலாகியது.

தமிழரிடையே இத்துறையில் தலையாயவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், யானை முதலிய விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்ரேற்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். படமும் எழுத்தும் கள ஆய்வும் அவரிடத்து ஒன்றையொன்று சார்ந்து நின்றன. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1975 இல் வெளிவந்தது.

இலங்கையின் வரலாறும் இப்போக்கினின்றும் விலகியதன்று. 1894 இல் இங்கு தோன்றிய விலங்குப் பாதுகாப்புச் சங்கம், வேட்டைக்குரிய விலங்குகள் அருகிவருவதைக் கண்டு கவலையுற்ற வேட்டைப் பிரியர்களாலேயே அமைக்கப்பட்டது. ஒரு காலத்தில் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த யால, 1938 இல் தேசிய வனமாகியது. குடியேற்ற ஆட்சியின் நோக்கில் துரையின் வேட்டை விளையாட்டாகவும் கிராமத்தவனின் வேட்டை களவாகவும் கொள்ளப்பட்டன. காட்டை அறிந்திருந்த அக்கிராமத்தவனே துரைக்குத் தடம் காட்டியவனுமாவான். ஆனால் தடம் காட்டியவன், தோணி செலுத்தியவன், யானைப்பாகன் ஆகியோரின் பெயர்கள் படங்களின் கீழே இடம்பெறுவது அரிது. ஒளிப்படம் வேட்டையிடமிருந்து பெற்ற முதுசங்களுள் இவ்விருட்டடிப்பும் ஒன்றாகும்.

மற்றொரு முதுசம் உடைமை வேட்கை. இன்று யாலவிற் சிறுத்தையொன்று தென்பட்டதும் ஜீப் வண்டிகள் திரண்டு அதன் வழியை மறிப்பது வழமையாகிவிட்டது. அங்கே துவக்கு இல்லை, துரத்துதல் இருக்கின்றது. அதே சிறுத்தையின் புள்ளிகளைப் பதிவுசெய்து, அது எங்கே உலவுகின்றது, அதன் குட்டிகள் தப்பிப் பிழைத்தனவா என ஆராய்வோரும் கமராவையே பயன்படுத்துகின்றனர். ஆகவே கருவியை மாற்றியதனால் மட்டும் வேட்டைக்காரன் காவலனாகிவிடுவதில்லை. கியேட்டன் சகோதரர் முதல் கிருஷ்ணன் வரையிலான வரலாறு உணர்த்துவது இதுவே: படம் அறிவாகவும் சான்றாகவும் சட்டமாகவும் மாறிய இடங்களிலேயே அது உயிர்களுக்கு அரணாயிற்று. சுவரில் மாட்டுவதோடு நின்றுவிடும் படம், கொம்பும் தோலும் மாட்டியிருந்த அதே ஆணியிலேயே தொங்குகின்றது.