இந்தியக் கால்பந்து அணிக்கு அடுத்த பயிற்சியாளர் யார்: ஒரு விவாதத்தின் வரலாறு (1948–2025)

இந்திய ஆடவர் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக அடுத்து யாரை அமர்த்துவது என்ற விவாதம், ஒருவர் பதவி விலகும்போதோ விலக்கப்படும்போதோ புதிதாக மூண்டெழுவது போலத் தோன்றினாலும், 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. இந்தியர் வேண்டுமா, வெளிநாட்டவர் வேண்டுமா என்ற கேள்வியே ஒவ்வொரு முறையும் ரசிகர்களிடையே ஓங்கி ஒலித்து வந்திருக்கிறது. ஆனால் 1948 முதல் 2025 வரையிலான நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, பதவிக்கு வந்தவர் எந்த நாட்டவர் என்பதைவிட, அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், அணியின் மீது அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது, எத்தனை காலம் அவர் நீடிக்க விடப்பட்டார் என்பவையே அணியின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன என்பது தெரியவருகிறது.

பிரிட்டிஷ் கழகங்களில் மேனேஜர் எனப்படுபவர் வீரர்களை வாங்குவது, விற்பது முதல் ஆட்டத் திட்டம் வகுப்பது வரை பலவற்றுக்கும் பொறுப்பேற்பவராக இருந்து வந்திருக்கிறார். தேசிய அணியில் வாங்குவதும் விற்பதும் இல்லையென்பதால், வீரர்களைத் தேர்வதும் குறுகிய பயிற்சி முகாமில் அவர்களை ஓர் அணியாக்குவதுமே அப்பொறுப்பின் சாரம். இந்தியாவிலோ இவற்றுள் முதலாவது அதிகாரமும் பல பத்தாண்டுகளுக்குப் பயிற்சியாளரிடம் முழுமையாக இருக்கவில்லை. 1937இல் தோன்றி 1948இல் ஃபிஃபாவில் இணைந்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தேர்வுக் குழுவே வீரர் பட்டியலை முடிவு செய்தது. வங்காளம், ஹைதராபாத், பம்பாய் என மாநிலங்கள் தத்தம் வீரர்களுக்காக வாதாடிய அக்காலத்தில், யார் பயிற்சியாளர் என்ற கேள்வி, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற பெரிய கேள்வியின் நிழலில்தான் கிடந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பலாய்தாஸ் சட்டர்ஜியின் பயிற்சியில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு பிரான்ஸிடம் 1–2 எனத் தோற்றது. இதன் பிறகு வந்த சையது அப்துல் ரஹீமின் காலமே பிற்கால விவாதங்கள் அனைத்துக்கும் அளவுகோலாக அமைந்தது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ரஹீம், 1943இல் அந்நகரக் கால்பந்துச் சங்கத்தின் செயலராகி, 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றுவித்து, தேசிய அணியின் பொறுப்பையும் ஏற்றார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இரானை 1–0 என வென்று தங்கம் பெற்ற அவரது அணி, மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 எனச் சரிந்தது. இன்றைய நிலையில் அப்படியொரு தோல்விக்குப் பிறகு ஒரு பயிற்சியாளர் ஊர் திரும்பும் விமானத்திலேயே பதவி இழந்திருப்பார். இடையில் சில போட்டிகளுக்கு வேறு சிலர் பொறுப்பேற்றாலும், ரஹீம் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டார்; 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டி'சூசாவின் மூன்று கோல்களுடன் ஆஸ்திரேலியாவை 4–2 என வீழ்த்தி இந்தியா நான்காம் இடம் பெற்றது அந்தப் பொறுமையின் பலன் எனலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகத் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ் அடித்த கோலே, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசி கோல்.

ரஹீமின் அதிகாரம் எத்தகையது என்பதை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி தெளிவாகக் காட்டுகிறது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற அணியில், தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசையில் நிறுத்த ரஹீம் துணிந்தார். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் கொதித்திருந்த கூட்டத்தின் கூச்சலுக்கிடையே, செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் பி.கே. பானர்ஜியும் அதே ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, தென்கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ரஹீம் 1963 ஜூன் 11 அன்று காலமானார். 2024இல் வெளியான 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் அவரது பெயரைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச் சென்றதால், 'இன்னொரு ரஹீம் வேண்டும்' என்ற குரல் அண்மைக் கால விவாதங்களில் கூடுதலாகக் கேட்கிறது. ரஹீமின் வெற்றிக்கு அவர் இந்தியர் என்பதைக் காரணமாகக் காட்டுவோர், பத்தாண்டுக்கு மேல் அவர் தேசிய அணி வீரர்களுடன் பழகினார் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர்.

அவருக்குப் பின் ஆங்கிலேயரான ஹாரி ரைட்டின் கீழ் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், ஜி.எம்.எச். பாஷாவின் கீழ் 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலமும் கிடைத்தன. ஒருவர் வெளிநாட்டவர், மற்றவர் இந்தியர். ரைட்டின் கீழ் ஆடியவர்களில் பலர் ரஹீமின் காலத்தில் வளர்ந்தவர்கள். 1980கள் முதல் வந்த யூகோஸ்லாவியர் சிரிச் மிலோவன், ஹங்கேரியின் யோசெஃப் கெலெய், செக் நாட்டவர் ஜிரி பெசெக், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் அக்ரமோவ் ஆகியோரில் எவரும் ரஹீமைப் போல் நெடுங்காலம் நீடிக்கவில்லை. மிலோவன் 1984 ஆசியக் கோப்பைக்கு அணியைத் தகுதி பெறச் செய்தார். அக்ரமோவ் பாய்ச்சுங் பூட்டியாவைத் தேசிய அணிக்குக் கொண்டுவந்தார். அவர் காலத்தில், 1996 பிப்ரவரியில் எட்டிய 94ஆம் இடமே ஃபிஃபா தரவரிசையில் இந்தியா தொட்ட உச்சம்.

2002இல் வந்த ஆங்கிலேயர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைனும், 1979இல் ஸ்வீடனின் மால்மோ கழகத்தை ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை கொண்டுசென்று புகழ்பெற்றிருந்த பாப் ஹூட்டனும் விவாதத்தின் நிறத்தை மாற்றினர். 2006 முதல் 2011 வரை நீடித்த ஹூட்டனின் அணி 2007, 2009 நேரு கோப்பைகளை வென்றது. 2008 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில், சுனில் சேத்ரியின் மூன்று கோல்களால் தஜிகிஸ்தானை 4–1 என வீழ்த்தி, 27 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2011 ஆசியக் கோப்பையில் நுழைந்தது. அங்கு மூன்று ஆட்டங்களிலும் தோற்றபின் ஹூட்டன் விலக, அர்மாண்டோ கொலாசோ, சாவியோ மெடேய்ரா என்ற கோவாக்காரர் இருவர் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர். இருவருக்கும் ஓராண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. எனினும் 'இந்தியப் பயிற்சியாளரை வைத்துப் பார்த்தாயிற்று' என்ற வாதத்துக்கு அடுத்த 13 ஆண்டுகளும் இவர்களே சான்றாகக் காட்டப்பட்டனர். ஒருவருக்கு ஐந்தாண்டும் இன்னொருவருக்குச் சில மாதங்களும் கொடுத்துவிட்டு இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது ஆய்வுக்கு ஒவ்வாத முறை.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இந்த ஏற்றத்தாழ்வை நிலைப்படுத்தியது. கழகங்கள் யாவும் வெளிநாட்டவரைத் தலைமைப் பயிற்சியாளராகவும் இந்தியரை உதவியாளராகவும் வைத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. மார்கோ மாத்தரட்சி, ஜான் கிரிகரி என்ற இருவரின் கீழ் 2015, 2017–18 பருவங்களில் பட்டம் வென்ற சென்னையின் எஃப்சி கழகத்தில், இந்தியாவுக்காக ஆடியவரான சபீர் பாஷா நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராகவே இருந்து, 2022இல் நடுப்பருவத்தில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோதுதான் இடைக்காலப் பொறுப்பைப் பெற்றார். தலைமையேற்ற அனுபவம் இந்தியர்களுக்கு இல்லை என்று பதவி மறுக்கப்பட்டது. பதவி மறுக்கப்பட்டதால் அனுபவமும் சேரவில்லை.

லீக் கொணர்ந்த இன்னொரு மாற்றம் ரசிகர் குழுக்கள். சென்னையில் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ், கேரளத்தில் மஞ்ஞப்படை, பெங்களூரில் வெஸ்ட் பிளாக் புளூஸ் எனக் கழகந்தோறும் அமைப்புகள் உருவாகி, 2017இல் தேசிய அணிக்கென புளூ பில்கிரிம்ஸ் குழுவும் தோன்றியது. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபே அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு 2,569 பேரே வந்ததைக் கண்டு சேத்ரி காணொளியில் விடுத்த வேண்டுகோள் அடுத்த ஆட்டத்தில் அரங்கை நிரப்பியது. 'திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் வந்து பாருங்கள்' என்ற பொருளில் அமைந்த அவ்வேண்டுகோளை ரசிகர்கள் முழுமையாகவே ஏற்றுக்கொண்டனர் போலும். 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனிடம் கடைசி நேரப் பெனால்டியால் தோற்று கான்ஸ்டன்டைன் தமது இரண்டாம் முறைப் பதவியை அன்றே துறந்தபோது, அடுத்தவர் யார் என்பது முதன்முறையாக நாடு தழுவிய ரசிகர் விவாதமாயிற்று. பெங்களூரு எஃப்சி ரசிகர்களின் அன்பைப் பெற்றிருந்த ஸ்பெயின்காரர் ஆல்பெர்ட் ரோகா இறுதிப் பட்டியலின் நால்வரில் ஒருவராக இருந்தும், 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற குரோஷிய அணியின் இகோர் ஸ்டிமாச்சையே ஷ்யாம் தாபா தலைமையிலான தொழில்நுட்பக் குழு பரிந்துரைத்தது.

ஸ்டிமாச்சின் ஐந்தாண்டுகளில் தேர்வோரின் நிலையே ஆட்டம் கண்டது. பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நீடித்த நிர்வாகத்தை 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அகற்றி நிர்வாகிகள் குழுவை அமைக்க, வெளியார் தலையீடு என்று கூறி ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்து 11 நாளில் தடையை விலக்கியது. மாநிலச் சங்கங்களுக்கு இணையாக 36 முன்னாள் வீரர்களுக்கும் வாக்குரிமை தரும் திட்டம் ஃபிஃபாவின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. செப்டம்பர் 2 அன்று நடந்த கூட்டமைப்பின் தலைவர் தேர்தலில் கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற, பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒரே ஒரு வாக்கு கிடைத்தது. மக்களிடையே அவருக்கு இருந்த செல்வாக்குக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையே இருந்த தூரத்தை ரசிகர்கள் அன்று கண்கூடாகக் கண்டனர். பயிற்சியாளர் விவாதத்தில் கூட்டமைப்பின் மீது இன்று தெறிக்கும் கோபத்தின் வேர் இங்குதான் இருக்கிறது.

2023இல் மூன்று கோப்பைகளை வென்ற ஸ்டிமாச், 2024இல் நடந்த ஆசியக் கோப்பையில் ஒரு கோலும் அடிக்காமல் வெளியேறி, மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1–2 எனத் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றைத் தாண்டாததால் ஜூன் 17 அன்று ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். அடுத்து அமர்த்தப்பட்ட மனோலோ மார்க்கேஸ் ஒரு பருவம் முழுவதும் எஃப்சி கோவா கழகத்தையும் தேசிய அணியையும் ஒருசேரக் கவனித்தார். கோவா சூப்பர் கோப்பையை வென்றது. இந்தியாவோ அவரது எட்டு ஆட்டங்களில் மாலத்தீவை மட்டுமே வென்று, 2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியால் தோற்றது.

மார்க்கேஸும் விலகியபின், ஜூலையில் வந்த 170 விண்ணப்பங்களுக்கிடையே பார்சிலோனாவின் முன்னாள் நாயகன் ஸாவியின் பெயரும் இருப்பதாகச் செய்தி பரவியது. ஊதியம் கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள் என்றும் சொல்லப்பட்டு, கேலியும் ஏக்கமும் கலந்த வாதங்கள் ஓய்வதற்குள், ஸாவியின் பெயரிலும் பெப் குவார்டியோலாவின் பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல எனக் கூட்டமைப்பே அறிவித்தது. ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு காலித் ஜமீல், கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச் என மூவரைப் பரிந்துரைக்க, ஆகஸ்ட் 1 அன்று செயற்குழு ஜமீலைத் தேர்ந்தது. 2016–17இல் மிசோரமின் ஐஸ்வால் எஃப்சி என்ற சிறு கழகத்தை ஐ-லீக் பட்டம் வெல்ல வைத்தவர், சூப்பர் லீகில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் என்ற தகுதிகள் அவருக்கு இருந்தன.

விளம்பரத்தில் பயிற்சி உரிமமும் அனுபவமும் கேட்கப்பட்டன. மூவரில் ஒருவர் ஏன் மேலானவர் என்பதற்கான மதிப்பீடு பொதுவெளிக்கு வரவில்லை. தேர்வு விதிகளை ஊரறிய எழுதிவைத்த மரபுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில் இக்குறை கூடுதலாக உறுத்த வேண்டும். அங்குள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில், அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறையில், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்வதை விதித்துள்ளன. அவற்றுள் பிந்தையதில் வயது 35க்கு மேல் 70க்குள் என்பதும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டும் என்பதும், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகாது என்பதும் ஊரார் கண்முன் எழுதப்பட்டுள்ளன. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே உரிய குறுகிய உரிமைதான் அது. எனினும் தேர்வின் நிபந்தனையும் விலக்கும் சுவரில் இருந்தன.

வெளிநாட்டவர் பற்றிய வாதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2022 வரை நடந்த 22 ஆடவர் உலகக் கோப்பைகளிலும் சொந்த நாட்டுப் பயிற்சியாளரே வென்றிருக்கிறார் என்பதை மேற்கோள் காட்டியே, 2024இல் இங்கிலாந்து ஜெர்மானியரான டூகெலையும் 2025இல் பிரேசில் இத்தாலியரான ஆன்செலோட்டியையும் அமர்த்தியபோது அந்நாட்டு ரசிகர்கள் முணுமுணுத்தனர். அதே ஆண்டு உஸ்பெகிஸ்தானை முதன்முறையாக உலகக் கோப்பைக்குக் கொண்டுசென்றவர் உள்நாட்டவரான தீமூர் கபாட்சே. தகுதி பெற்ற சில மாதங்களில் அவரிடத்தில் இத்தாலியின் கன்னவாரோ அமர்த்தப்பட்டார்.

ஜமீலின் தொடக்கம் நம்பிக்கை தந்தது. தஜிகிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் நடத்திய காஃபா நேஷன்ஸ் கோப்பையில், ஃபிஃபா குறித்த கால எல்லைக்கு வெளியே என்ற காரணத்தால் மோகன் பகான் தன் வீரர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்திருந்த நிலையிலும், ஓமனைப் பெனால்டிகளில் வென்று அவரது அணி மூன்றாமிடம் பெற்றது. ஆனால் அக்டோபர் 14 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்து, நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்காளதேசத்திடம் 2003க்குப் பின் முதன்முறையாகத் தோற்றது. அவரை நீக்க வேண்டும் என்றோரும் காலம் தர வேண்டும் என்றோரும் ரசிகர்களிடையே மீண்டும் எதிரெதிர் நின்றபோதிலும், இம்முறை பலரது வாதம் பயிற்சியாளரைத் தாண்டிச் சென்றது. ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக் அப்போதும் தொடங்கியிருக்கவில்லை. தேசிய அணியின் பயிற்சியாளர் பதவிக்கு 170 பேர் விண்ணப்பித்த அதே ஆண்டு நவம்பரில், அந்த லீக்கின் வணிக உரிமைக்குக் கூட்டமைப்பு கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை.