குழந்தைகள் வைத்தியசாலையில் தாயும் தாதியும்

நோயாளியைத் தனியே விடலாகாது என்பது நம்மவர் வழக்கம். ஒருவர் வைத்தியசாலையிற் படுக்க நேர்ந்தால், அவருக்குத் துணைக்கு நிற்பதற்கு வீட்டிலிருந்து இன்னொருவரும் புறப்படுவார். நோயாளி குழந்தையாயின், தாய் உடன் செல்வதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. இத்துணை இயல்பாய்த் தோன்றும் இக்காரியம், மேலைநாட்டுக் குழந்தைகள் வைத்தியசாலைகளிலே நெடுங்காலம் விதிகளால் தடுக்கப்பட்டிருந்தது. தடுத்தவர்கள் கொடியவர்களல்லர், குழந்தைகளின் நலன் கருதியே அவர்கள் கதவை அடைத்தார்கள். அக்கதவு எதனால் அடைபட்டது, எவரால் திறக்கப்பட்டது என்பது வைத்திய வரலாற்றிற் சிந்தனைக்குரிய ஓர் அத்தியாயமாகும்.

1769ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங் என்னும் வைத்தியர், இலண்டன் மாநகரிலே ஏழைக் குழந்தைகளுக்கென ஓர் இலவச மருந்துச்சாலையைத் தொடங்கினார். தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டி, மருந்து பெற்று, வீடு திரும்புவர். குழந்தைகளைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்யலாமே என்று சிலர் யோசனை கூறியபோது, அவர் அதற்கு இணங்கவில்லை. 1777இல் வெளிவந்த தமது நூலிலே அதற்கான காரணங்களையும் அவர் விளக்கினார். நோயுற்ற குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தால் அதன் உள்ளம் அப்பொழுதே உடைந்துவிடும் என்பது ஒன்று. தாய்மாரையும் சேர்த்துத் தங்கவைத்தாலோ, விடுதிகள் பெரியவர்களால் நிரம்பிவிடும். தாய்மாரும் தாதியரும் ஓயாது பிணங்கிக்கொள்வர் என்பது மற்றொன்று. பின்வந்த இருநூறு ஆண்டுகளிலும் குழந்தைகள் வைத்தியசாலைகளை அலைக்கழித்த சிக்கலின் இரு முனைகளையும் அவர் அன்றே தொட்டுக்காட்டிவிட்டார்.

ஆம்ஸ்ட்ரோங்கின் மருந்துச்சாலை 1781இல் மூடப்பட்டது. காலம் வேறு திசையிற் சென்றது. 1802இல் பாரிஸ் நகரிலே குழந்தைகளுக்கெனத் தனி வைத்தியசாலை தோன்றியது. 1852 பெப்ரவரி 14ஆந் தேதி, சாள்ஸ் வெஸ்ட் என்னும் வைத்தியரின் முயற்சியினால், இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதியிலே பத்துப் படுக்கைகளுடன் ஒரு குழந்தைகள் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வறுமையும் நெருக்கமும் அழுக்கும் மலிந்த குடியிருப்புக்களிலிருந்து குழந்தையை எடுத்து, தூய படுக்கையும் நல்லுணவும் தேர்ந்த கவனிப்பும் அளித்தால் அது பிழைக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அந்நம்பிக்கை பல உயிர்களைக் காத்தது. ஆயினும், வீட்டின் தீமையிலிருந்து குழந்தையைக் காக்க எழுந்த மதில், வீட்டாரையும் வெளியே நிறுத்திவிட்டது.

மதிலை உயர்த்தியது தொற்றுநோய் பற்றிய அச்சமாகும். தொண்டைக்கரப்பான், செங்காய்ச்சல், சின்னமுத்து ஆகியவை ஒரு விடுதியினுட் புகுந்தால் படுக்கைக்குப் படுக்கை தாவும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அந்நாளில், வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரும் நோயைச் சுமந்துவரக்கூடியவராகவே எண்ணப்பட்டனர். ஆகவே, பெற்றார் வருகை வாரத்தில் ஒரு நாள், இரு நாள் எனச் சுருங்கியது. நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்து அச்சம் தணிந்த பின்னரும் விதிகள் தளரவில்லை. இலண்டன் வைத்தியசாலைகளின் பார்வை நேரம் பற்றி 1949இல் ஒரு பட்டியல் வெளியாயிற்று. ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரமே அனுமதி. இன்னோரிடத்தில் முதல் மாதம் முழுவதும் பார்க்க இயலாது. மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, உறங்கும் பிள்ளையைப் பார்த்துச் செல்லலாம். வேறோரிடத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு அப்பால் நின்றே பார்க்கவேண்டும்.

இவ்விதிகளுக்கு இன்னொரு நியாயமும் கூறப்பட்டது. பெற்றார் வந்து திரும்பும் வேளையிலே பிள்ளைகள் கதறி அழுதனர். வராத நாட்களில் அமைதியாய் இருந்தனர். ஆதலால் பெற்றார் வராதிருத்தலே பிள்ளைக்கு நன்று என்று தாதியர் முடிவுசெய்தனர். கண்முன் கண்டதை வைத்தே அவர்கள் அவ்வாறு எண்ணினர். ஆனால் கண்டதன் பொருள் வேறாயிருந்தது.

வழக்கத்துக்கு மாறாக முதலில் நடந்துகாட்டியவருள் ஒருவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரத்துச் சிறிய குழந்தைகள் வைத்தியசாலையில், 1920களின் நடுப்பகுதியிலிருந்தே, அவர் தாய்மாரைக் குழந்தைகளுடன் தங்கவைத்தார். தாய் குழந்தையின் அறையிலேயே வாழ்ந்து, ஊட்டி, துடைத்து, உறங்கவைத்தாள். தலைமைத் தாதி அதனை மேற்பார்வை செய்தாள். இவ்வேற்பாட்டினால் விளைந்த நன்மைகளை, கிரேட் ஓர்மண்ட் வீதி வைத்தியசாலையைத் தோற்றுவித்த சாள்ஸ் வெஸ்டின் பெயரால் நிகழும் சொற்பொழிவிலே ஸ்பென்ஸ் எடுத்துரைத்தார்; அது 1947இல் அச்சில் வந்தது. குழந்தை பயன்பெறுகிறது, தன் கையாற் பேணித் தேற்றிய பிள்ளையோடு வீடு திரும்பும் தாய் மனநிறைவும் துணிவும் பெறுகிறாள், அத்தாயின் கைப்பழக்கத்தைக் கண்டு தாதியும் கற்றுக்கொள்கிறாள். இருவரும் ஓயாது பிணங்குவர் என்று ஆம்ஸ்ட்ரோங் அஞ்சிய இடத்திலே, இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதை ஸ்பென்ஸ் கண்டார்.

உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு அண்மையிலே, ஹென்றி பிக்கரில், செசிலி பிக்கரில் என்னும் வைத்தியத் தம்பதியர் பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்ட சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துவந்தனர். அத்தகைய சிசுக்களுக்குச் சிறு தொற்று நேர்ந்தாலும் தையல் பிரிந்து, செய்த வேலை வீணாகும். ஆகவே 1940களில் அவர்கள் ஒவ்வொரு தாயையும் அவள் சிசுவுடன் தனியறையில் இருத்தி, பராமரிப்பு முழுவதையும் அவள் கையிலேயே ஒப்படைத்தனர். பல குழந்தைகளைத் தொட்டுவரும் பல கைகளுக்குப் பதிலாக ஒரே கை தொட்டபோது, குழந்தைக்குக் குழந்தை பரவும் தொற்று நீங்கியது. தொற்றுக்கு அஞ்சித் தாயை விலக்கிய உலகுக்கு, தொற்றைத் தடுப்பவளும் தாயே என்பதை அவர்களது சிறிய வைத்தியசாலை உணர்த்தியது.

எனினும் இவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. அமைதியான பிள்ளை நலமான பிள்ளை என்ற எண்ணத்தை அசைத்தவர் ஒரு வைத்தியரல்லர். ஜேம்ஸ் ரொபேட்சன் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சமூக சேவையாளர். யுத்தகாலத்தில் அன்னா புரொயிட் அம்மையார் இலண்டனில் நடத்திய குழந்தைகள் இல்லத்திலே கொதிகலன் பார்க்கும் வேலையில் இருந்தவர். 1948 முதல், உளவைத்தியர் ஜோன் போல்பியின் ஆய்விற் சேர்ந்து, வைத்தியசாலை விடுதிகளில் நாட்கணக்காக அமர்ந்து சிறுபிள்ளைகளைக் கவனித்தார். தாயைப் பிரிந்த பிள்ளை முதலில் அழுது எதிர்க்கின்றது. பின்னர் நம்பிக்கையிழந்து சோர்கின்றது. இறுதியில் தாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றென உள்ளத்தை அடைத்துக்கொள்கின்றது. இம்மூன்று நிலைகளையும் அவர் இனங்கண்டார். பிள்ளை பழகிவிட்டது என்று விடுதியார் மகிழ்ந்த அமைதி, உண்மையில் இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோ ஆகும். தாயைக் கண்டதும் எழும் அழுகை, அன்பு இன்னும் உயிரோடிருப்பதன் அடையாளம்.

சொல்லைக் கேட்டு எவரும் நம்பாமையால், ரொபேட்சன் ஒரு படக்கருவியை வாங்கினார். கொப்பூழ்க் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக வந்த இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியின் எட்டு நாட்களைப் படமாக்கினார். வேண்டுமென்றே ஒரு பிள்ளையைப் பொறுக்கியெடுத்ததாகப் பழி வராதபடி, பெயர்ப்பட்டியலிலிருந்து எழுந்தமானமாகவே அச்சிறுமி தெரிவுசெய்யப்பட்டாள். நேரத்தை மாற்றியதாகப் பழி வராதபடி, விடுதிக் கடிகாரமும் படத்தில் விழச் செய்தார். சிறுமி பெரிதாய் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொள்ள அவள் படும் பாடே படத்திற் பதிந்தது. 1952 நவம்பரில் இலண்டன் வைத்தியக் கழகமொன்றிலே அப்படம் காட்டப்பட்டபோது சபையினர் சினந்தனர். தாதியரையும் வைத்தியரையும் அவதூறு செய்கிறார் என்றனர். இதனை மக்களுக்குக் காட்டலாகாது என்றனர்.

அமர்ஷாம் என்னும் ஊரில் குழந்தை வைத்தியராயிருந்த டெர்மொட் மக்கார்த்தியும் அப்படத்தைப் பார்த்துச் சினந்தவரே. ஆனால் தம் விடுதிக்குத் திரும்பியபின், அதுவரை காதில் விழாத அழுகை அவருக்குக் கேட்கத் தொடங்கியது. அவ்விடுதியின் தலைமைத் தாதி ஐவி மொறிஸ் அம்மையாரின் ஒத்துழைப்புடன் அவர் தாய்மாரை உடன் தங்கவைத்தார். அவ்விடுதியிலேயே ரொபேட்சன் தமது இரண்டாம் படத்தை எடுத்து 1958இல் வெளியிட்டார். தாயோடு வந்த இருபது மாதச் சிறுமி ஒருத்தி, வலியும் அச்சமும் நேர்ந்தபோதும் தாயைப் பற்றிக்கொண்டு தேறிவருவதை அது காட்டிற்று. முதற்படம் குறையைக் காட்டியது. இரண்டாம் படம் வழியைக் காட்டியது.

1959இல் பிரித்தானிய அரசு நியமித்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. தலைவராயிருந்தவர் சேர் ஹரி பிளாட் என்னும் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். பெற்றார் எந்நேரமும் வந்து பார்க்க இடமளித்தல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய் உடன் தங்க வசதி செய்தல் வேண்டும். குழந்தைகளின் மனத்தேவைகள் பற்றி வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சி அளித்தல் வேண்டும் என அது விதந்துரைத்தது. அரசும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பரிந்துரை ஒன்று, நடைமுறை இன்னொன்று. பல வைத்தியசாலைகளிற் பழைய அறிவித்தற் பலகைகளே தொங்கின. 1961இல் ரொபேட்சன் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இதனை எடுத்துரைக்க, பெற்றார் பலர் தம் அனுபவங்களைக் கடிதமாக எழுதினர். அதே ஆண்டு இலண்டன் பட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் அரசின் அறிக்கையைக் கையில் ஏந்திக்கொண்டு வைத்தியசாலைகளை அணுகினர். சட்டத்தை விடத் தாய்மாரின் விடாமுயற்சியே கதவுகளை ஒவ்வொன்றாய்த் திறந்தது எனலாம்.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்த தாய் ஒரு மூலையில் அமர்ந்திருப்பதா, பராமரிப்பிற் பங்குகொள்வதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை செல்வம் மிகுந்த இடங்களிலிருந்து வராமல், வசதி குன்றிய இடங்களிலிருந்து வந்தமை வியப்புக்குரியது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதச் சிசுக்களை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரேய் என்னும் வைத்தியர் அச்சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமப்பது போன்றமையால் இது கங்காரு முறை எனப் பெயர் பெற்றது. 1979இல் எஸ்தோனியாவின் தலீன் நகரில், தாதியர் பற்றாக்குறையால் அடிக் லெவின் என்னும் வைத்தியர், குறைமாதச் சிசுக்களின் பராமரிப்பை இரவும் பகலும் தாய்மாரிடமே ஒப்படைத்து, தாதியரை அவர்களுக்குக் கற்பிப்போராக்கினார்.

இல்லாமையிற் பிறந்த இவ்வழிகளைப் பின்னர் வசதியுள்ள நாடுகளும் கற்றன. தலீன் முறையைத் தழுவிக் கனடாவில் உருவான திட்டம், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் சோதிக்கப்பட்டு, 2018இல் முடிவுகள் வெளியாயின. பெற்றார் நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் உடனிருந்து பராமரித்தனர்; வைத்தியர் நோயாளரைப் பார்வையிடும்போது தம் பிள்ளையின் நிலையைத் தாமே எடுத்துக்கூறினர். அச்சிசுக்களின் எடை நன்கு கூடியது. பெற்றாரின் மனக்கலக்கமும் குறைந்தது. 2021இல், கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 1.8 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த சிசுக்களுள், உடல்நிலை சீராகும்வரை காத்திராது உடனே தாயோடு அணைக்கப்பட்டோரில் 12 விழுக்காட்டினரும், வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் 15.7 விழுக்காட்டினரும் முதல் 28 நாட்களுள் இறந்தனர். இதற்காகத் தாயின் கட்டிலே தீவிர சிகிச்சைப் பிரிவினுள் கொண்டுவரப்பட்டது. ஒருகாலத்தில் தொற்றின் தூதராய்க் கருதப்பட்டவள், உயிர் காக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியானாள்.

உரிமை என்ற அளவிலும் இக்கொள்கை உறுதிபெற்றது. 1988இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரிற் கூடிய ஐரோப்பிய சங்கங்கள் பத்து உறுப்புரைகள் கொண்ட சாசனமொன்றை வகுத்தன. வைத்தியசாலையிலுள்ள பிள்ளைக்கு எந்நேரமும் பெற்றாரை உடன் வைத்திருக்கும் உரிமை உண்டு என்றும், அதனாற் பெற்றாருக்குப் பொருளிழப்பு நேரலாகாது என்றும் அது கூறுகிறது. பின்னது சிறிய காரியமன்று. வேலைக்குப் போகாவிட்டாற் கூலி இல்லை என்ற நிலையிலுள்ள தந்தைக்கும், வீட்டில் வேறு பிள்ளைகளை விட்டுவரும் தாய்க்கும், திறந்த கதவு மட்டும் போதாது.

பெற்ற உரிமையும் காவலின்றி நிலைப்பதில்லை. 2020இல் கொவிட் தொற்று பரவியபோது, பல நாடுகளின் வைத்தியசாலைகள் பெற்றாருள் ஒருவருக்கு மட்டுமே இடமளித்தன. சில இடங்களில் அவருக்கும் மணிக்கணக்கு வகுக்கப்பட்டது. பழைய அச்சம் பழைய விதிகளையே திரும்ப அழைத்துவந்தது. ஆனால் இம்முறை, பெற்றார் பார்வையாளரல்லர், பராமரிப்போர் என்று வாதிட வைத்தியரும் தாதியரும் முன்வந்தனர். முன்னைய தலைமுறைகளின் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

தாயும் தாதியும் ஒரே கட்டிலருகே நின்றாற் பிணங்குவர் என்ற ஆம்ஸ்ட்ரோங்கின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. யார் எதைச் செய்வது என்று தெளிவில்லாத இடத்திற் பிணக்கு இன்றும் எழுகின்றது. நோயை அறிந்தவர் தாதியும் வைத்தியரும். அந்தப் பிள்ளையை அறிந்தவர் பெற்றார். இவ்விரு அறிவும் ஒன்றையொன்று கேட்டு நடக்கும் விடுதியிலே, மருந்து கொடுக்கும் கையையும் தேற்றும் கையையும் பிள்ளை ஒருங்கே நம்பத் துணிகின்றது. துணைக்கு நிற்பவரிடம் ஒரு நாற்காலியைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், பிள்ளை எப்படி உறங்கியது, எதை உண்டது, எதற்கு அஞ்சுகின்றது என்று கேட்பதே அந்நம்பிக்கைக்கு முதற்படியாகும்.