வீரர் அப்துல் ஹமீத்: விருதுக்குப் பின்னால் ஒரு தந்தை

நம் சமுதாயத்தின் நாட்டுப்பற்று ஐயத்துக்கு உள்ளாக்கப்படும் போதெல்லாம் நாம் முதலில் எடுத்துரைக்கும் பெயர் அப்துல் ஹமீத். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேருள் ஒரே முஸ்லிம் என்று கூறி நிறைவடைந்துவிடுகிறோம். ஒரு மனிதரை வெறும் சான்றிதழாக மட்டும் நினைவுகூர்வது நீதியாகுமா? அவர் ஒரு தையற்காரரின் மகன். ரசூலன் பீபியின் கணவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை.

உத்தரப் பிரதேசத்தின் காஸிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் கிராமத்தில் 1933 ஜூலை 1 அன்று பிறந்தவர். 1954 டிசம்பரில் இராணுவத்தில் சேர்ந்து கிரெனேடியர்ஸ் படையின் 4ஆம் பட்டாலியனில் பணியாற்றினார். 1962 சீனப் போரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட படைகளுள் அந்தப் பட்டாலியனும் ஒன்று. தோல்வியின் கசப்பை அறிந்த சிப்பாயாகவே, 1965இல் பஞ்சாபின் கேம்கரண் களத்தில் அவர் நின்றார்.

அவருக்குக் கிடைத்த ஆயுதம் ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கி. எதிரே வந்தவை கனத்த கவசமிட்ட பேட்டன் டாங்கிகள். ஜீப்புக்கோ கவசமே இல்லை. அப்பீரங்கி சுடும்போது பின்புறம் பீறிடும் நெருப்பும் புழுதியும் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் சுட்டவுடன் இடம் மாறியாக வேண்டும். செப்டம்பர் 10 அன்று சீமா கிராமத்தருகே, முன்வந்த டாங்கியைத் தகர்த்து, இடம் மாறி, இன்னொன்றையும் வீழ்த்தினார். எதிரிகள் அவரைக் கண்டுகொண்டு குண்டுமழை பொழிந்தனர். பின்வாங்காமல் சுட்டுக்கொண்டே இருந்தவர், வெடிகுண்டு தாக்கி வீழ்ந்தார். அப்போது வயது 32. போர் நடந்த அசல் உத்தர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1966 குடியரசு தினத்தன்று, குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடமிருந்து விருதைப் பெற்றுக்கொண்டவர் ரசூலன் பீபி. நான்கு ஆண்மக்களும் ஒரு பெண்ணுமாகத் தந்தையை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. களத்தில் கணவர் காட்டிய உறுதி ஒரு காலைப் பொழுதுக்குரியது. மனைவி காட்டியதோ அரை நூற்றாண்டுக்கும் மேலானது. 2017இல், முதிர்ந்த வயதிலும், இராணுவத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை நேரில் சந்தித்து, கணவரின் நினைவு நாளுக்குத் தம் ஊருக்கு வருமாறு அழைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று தளபதியும் தாமுப்பூருக்கு வந்தார். 2019 ஆகஸ்டில் அவ்வம்மையார் இறையடி சேர்ந்தார்.

அவருக்குப் பின்னும் அக்கடமை ஓயவில்லை. 2025 பிப்ரவரியில், அப்துல் ஹமீத் பயின்ற ஊர்ப்பள்ளியின் முகப்பில் புதிதாகப் பெயர் எழுதப்பட்டபோது, அவருடைய பெயர் விடுபட்டிருந்தது. குடும்பத்தார் குரல் எழுப்பிய பின்னரே அது மீண்டும் இடம்பெற்றது. நாடே போற்றும் வீரரின் பெயரைக் காப்பதற்கும் வீட்டார்தாம் முன்வர வேண்டியிருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தியாகிகளின் பெயரை வாதத்துக்கு எடுத்தாளுவது எளிது. அவர்தம் வாழ்வைப் பிள்ளைகளுக்கு முழுமையாகச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களை விசாரித்தறிவதும் நம்மீதுள்ள அமானிதம். எல்லாம் வல்ல அல்லாஹ் அவ்விருவரின் மறுமை வாழ்வையும் சிறப்பாக்கி வைப்பானாக. ஆமீன்.